கழுவிய கற்கள்

என் மகன் பிரணவன் கல் பொறுக்குவதற்கு ஐந்து வருடம் படித்தான். நான் அப்படித்தான் சொல்லுவேன். கோயிலில் யாராவது விசாரித்தால் மற்றத் தாய்மார் தங்கள் பிள்ளைகள் டொக்டர், கணக்காளர் என்று வாய் நிறையச் சொல்வார்கள். நான், "எங்கட ஆள் கல்லுப் பொறுக்கப் படிக்கிறார்" என்பேன். பக்கத்தில் நின்று அவனும் சிரிப்பான். படிப்பின் பெயர் நிலவியல். அந்தப் பெயரை நான் ஒழுங்காகச் சொல்லப் பழகியது அவன் போன பிறகுதான்.

நாங்கள் இருக்கிற இத்தாலியப் பட்டணமான பலெர்மோவிலிருந்து காரில் இரண்டு மணித்தியாலம் போனால் மதோனியே என்ற மலைகள் வரும். அந்த மலைகள் பாதுகாக்கப்பட்ட பூங்கா. இஷ்டத்துக்கு ஒரு பூவைக்கூடப் பிடுங்க முடியாது. இவன் பூங்காக் கந்தோருக்கு நடையாய் நடந்து, அனுமதிக் கடிதம் வாங்கி, சரியாக இருபத்துமூன்று கல் உடைத்துக்கொண்டு வந்தான். ஒவ்வொன்றும் ஒரு பாண் துண்டளவு இருக்கும். ஒரேத்தோப் பகுதியில் எங்கள் மூன்றாம் மாடி வீட்டில், அவனுடைய அறைப் புத்தகத் தட்டு முழுவதும் கல். தூசி தட்டுகிறவள் நான் அல்லவா, எரிச்சல் வராமல் இருக்குமா?

"உந்த மலையில அப்பிடி என்னடா கிடக்கு?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அம்மா, கெஸ்தூராப் பொலிஸ் கந்தோரில விசாப் பெர்மெசோ புதுப்பிக்க வரிசையில நிண்டது ஞாபகம் இருக்கோ? பின்னால நிக்கிறவன் தள்ளுவான். முன்னால நிக்கிறவன் அசையான். நடுவில நிக்கிறவனுக்குக் கால் நிலத்தில முட்டாது, மேல எழும்பிடுவான். ஆப்பிரிக்கா கீழயிருந்து தள்ளுது, ஐரோப்பா விடுகுதில்லை. நடுவில கடலுக்கடியில கிடந்த நிலம் மலையா எழும்பிட்டுது. இன்னும் தள்ளிக்கொண்டுதான் இருக்கு. வருசத்துக்கு ஒரு அரைச் சென்ரிமீற்றர் வரும்."

"அரைச் சென்ரிமீற்றர் தள்ளினதுக்கே இந்த ஆரவாரம்?"

அவன் ஒரு கல்லை எடுத்து என் மடியில் வைத்தான். அதன் ஒரு முகம் பளபளவென்று, நீளநீளமாகக் கீறல்களோடு இருந்தது. பாறையும் பாறையும் உரசி வழுக்கியபோது விழுந்த கீறல்களாம். "நீங்கள் துடைக்கப் போற சிஞ்ஞோரா வீட்டில அலுமாரியை இழுத்தா மாபிள் நிலத்தில கீறு விழும்தானே? அந்தக் கீறைப் பாத்து எந்தப் பக்கத்தால இழுத்தவையெண்டு நீங்கள் சொல்லுவீங்கள். நான் மலையின்ர கீறைப் பாத்து மலையை எந்தப் பக்கம் இழுத்ததெண்டு சொல்லுறன். ரெண்டுபேருக்கும் ஒரே வேலை."

"ஒரே வேலையெண்டா எனக்கு மட்டும் ஏன் முழங்கால் நோகுது?" என்றேன். அவனுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

மலைக்கு வரச் சொல்லி மூன்று தரம் கேட்டான். "கிழமையில ஆறு நாள் மற்றவையின்ர படி ஏறி இறங்கிறன். ஏழாம் நாள் மலையும் ஏறோணுமோ?" என்று மூன்று தரமும் ஒரே பதிலைச் சொன்னேன். நாலாம் தரம் கேட்பான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

செப்டெம்பர் தொடக்கத்தில் ஒரு புதன்கிழமை, வியா ஒரேத்தோத் தெருவில் மழை ஈரத்தில் அவனுடைய மோட்டார் சைக்கிள் சறுக்கியது. வீட்டிலிருந்து நானூறு மீற்றர்தான் இருக்கும். இருபத்தைந்து வயது. படிப்பு முடிய இரண்டு மாதம் இருந்தது. ஆஸ்பத்திரி, பெட்டி, வந்தவர்கள் போனவர்கள், அதையெல்லாம் எழுத எனக்குத் தெம்பில்லை.

எங்கள் வழக்கத்தில் முப்பத்தொரு நாள் துடக்கு, சாவுத் தீட்டு. முப்பத்தொராம் நாள் அந்தியேட்டிக் கிரியை செய்து துடக்கைக் கழிப்பதற்கு முன் வீட்டைக் கழுவித் துடைத்துச் சுத்தமாக்க வேண்டும். மற்ற வீடுகளில் சொந்தக்காரர் வந்து செய்து கொடுப்பார்கள். நான் ஒருவரையும் விடவில்லை. பலெர்மோ முழுக்க வீடு கழுவுகிறவளுக்கு என் பிள்ளையின் அறையைக் கழுவ ஆள் தேவையா? இருபத்தொன்பதாம் நாள் கதவைச் சாத்திக்கொண்டு தொடங்கினேன். திரைச்சீலை, மெத்தை உறை, புத்தகத்தின் மட்டை, கட்டில் கால், எல்லாம். கடைசியில் தட்டில் இருந்த இருபத்துமூன்று கற்கள்.

அந்தியேட்டிக்கு வருகிறவர்கள் பார்க்கும்படி அவனுடைய படத்துக்கு முன் அவற்றை வைக்க வேண்டும் என்று எனக்கு ஆசை வந்தது. கல்லுப் பொறுக்கி என்று நான் ஊரெல்லாம் சொல்லித் திரிந்ததற்கு ஒரு பரிகாரம் போல. ஆனால் ஒவ்வொரு கல்லிலும் கறுப்பு மார்க்கரால் கோடும் இலக்கமும் கிறுக்கியிருந்தான். சின்ன வயதில் சுவரிலும் அப்படித்தான் கிறுக்குவான். மார்க்கர் கறைக்கு மருந்து எனக்குத் தெரியும். இங்கே கடைகளில் ரோசா நிறத்தில் போத்தலில் விற்கும் அல்ககோல். அதை ஊற்றி, பழைய பல்துலக்கியால் தேய்த்துத் தேய்த்து, மறுநாள் காலை எட்டு மணிக்குத் தொடங்கிய வேலை மத்தியானம் ஒரு மணிக்கு முடிந்தது. பிறகு மஞ்சள் தண்ணீர் தெளித்தேன்.

இடையில் கணவர் ஞானசேகரம் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். அவர் பக்கத்துத் தெருவில் ஒரு மாடிக் கட்டடத்துக்குக் காவலாளி.

"இஞ்சாரும், அதுகளை விடுமன். அவன் வச்சபடி இருக்கட்டும்."

"ஊத்தையோட வைக்கச் சொல்லுறீங்களோ?"

அவர் கதவைச் சாத்திவிட்டுப் போய்விட்டார். என்னோடு வாதாடி வென்ற மனிதர் இன்னும் பிறக்கவில்லை என்பது அவருக்குத் தெரியும்.

அந்தியேட்டிக்கு வந்தவர்கள் எல்லோரும் கற்களைப் பார்த்தார்கள். ஐயர்கூட ஒன்றைத் தொட்டுப் பார்த்தார். அழுகைக்கு நடுவிலும் எனக்கு ஒரு திருப்தி இருந்தது. அந்தத் திருப்தியை நினைத்தால் இப்போது என் கன்னத்தில் நானே அறைய வேண்டும்போல இருக்கிறது.

முப்பத்துநாலாம் நாள் மணி அடித்தது. கதவைத் திறந்தால் அந்த மொரிஷியஸ் பெட்டை நின்றாள். பெயர் அமாந்தின். பிரணவனோடு ஒன்றாகப் படித்தவள். தமிழ் ஒரு சொல் வராது, ஆனால் எந்தக் காலத்திலோ கப்பலேறிப் போன எங்கள் சனத்தின் வாரிசுதான், முகத்தில் எழுதியிருக்கிறது. இரண்டு வருடத்துக்கு முன் ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்தில் இரண்டு பேரும் ஒரே பையிலிருந்து ஏதோ தின்றுகொண்டு சிரித்ததை என் கண்ணால் கண்டேன். அன்றிரவு அவனைக் கிழி கிழியென்று கிழித்தேன். "படிக்கிறதெண்டா பள்ளிக்கூடத்தோட நிக்கட்டும். என்ர வாசலுக்கு வரப்படாது" என்றேன். வாசலுக்கு அவள் வந்தது இதுதான் முதல் தரம்.

எங்கள் இருவருக்கும் பொதுவான மொழி இத்தாலியன். அவள் என்னை "சிஞ்ஞோரா" என்றாள். நான் மற்றவர்களை அழைக்கும் சொல், அது எனக்கு வந்தபோது கூச்சமாக இருந்தது.

"பிரணவனின் கற்களை எடுத்துப்போக வந்தேன்" என்றாள். "அவனுடைய ஆய்வு எழுதி முடிந்த மாதிரித்தான். கற்களை மெல்லிய தகடாக அறுத்து நுணுக்குக்காட்டியில் பார்க்கிற வேலை மட்டும் மிச்சம். அதை நான் செய்து தரலாம் என்று பேராசிரியர் சொல்லிவிட்டார். இந்த மாத முடிவுக்குள் கொடுத்தால் பட்டம் அவன் பெயரில் வரும். இரக்கத்துக்குத் தருகிற பட்டம் இல்லை, சிஞ்ஞோரா. அவன் செய்த வேலைக்கு வருகிற பட்டம்."

என் பிள்ளையின் பெயரில் பட்டம். எனக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை. அவள் கையைப் பிடித்து அறைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். படத்துக்கு முன் கற்கள் மினுங்கிக்கொண்டு இருந்தன. ஒன்றை எடுத்துத் திருப்பினாள். வைத்துவிட்டு இன்னொன்றை எடுத்தாள். ஐந்தாறு கற்களைத் திருப்பிப் பார்த்த பிறகு என்னைப் பார்த்தாள்.

"அம்புக்குறிகள் எங்கே? இலக்கங்கள் எங்கே?"

"அதுவா? எல்லாம் கழுவிவிட்டேன். ஒரு புள்ளிகூட மிச்சமில்லை" என்றேன்.

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும், நானும் கத்தியிருப்பேன். சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல மெதுவாகச் சொன்னாள். மலையிலிருந்து கல்லைப் பெயர்ப்பதற்கு முன், அது இருந்த நிலையிலேயே வடக்கு எந்தப் பக்கம் என்று அம்புக்குறி போடுவார்களாம். இடத்துக்கு ஒரு இலக்கம் போடுவார்களாம். கீறல் எந்தத் திசையில் ஓடுகிறது, மலையை எது எந்தப் பக்கம் தள்ளியது என்பதெல்லாம் அந்த அம்புக்குறியை வைத்துத்தான் சொல்ல முடியும். இலக்கங்களும் அளவுகளும் அவனுடைய குறிப்புப் புத்தகத்தில் இருக்கின்றன. ஆனால் எந்த இலக்கம் எந்தக் கல் என்று சொல்ல இனி ஒருவரும் இல்லை.

"புதிதாக உடைத்து வரலாம்தானே?"

"அனுமதி அவன் பெயரில் இருந்தது. அதுவும் முடிந்துவிட்டது."

"நீ ஏன் முதலே வரவில்லை? ஒரு கிழமை முந்தி வந்திருந்தால்..."

அவள் என்னை நிமிர்ந்து பார்க்காமல் சொன்னாள். "அவனுடைய பெரியப்பா இறந்தபோது சொல்லியிருந்தான், முப்பத்தொரு நாள் 'துடக்கு', அதுக்குள் வெளி ஆட்கள் வந்து பொருட்களைத் தொடக்கூடாது என்று. ஏற்கெனவே உங்களுக்கு என்னைப் பிடிக்காது. அதனால் நாளை எண்ணிக்கொண்டு இருந்தேன்."

'துடக்கு' என்பதை மட்டும் தமிழில் சொன்னாள். அவன் உச்சரிக்கிற மாதிரியே சொன்னாள். எனக்குக் கோபம் வந்தால் வாய் நிற்காது, இது எல்லோரும் அறிந்தது. அன்று அவளுக்குப் பக்கத்தில் நானும் தரையில் உட்கார்ந்தேன். அவன் இருபது வயதிலிருந்து மழையிலும் வெயிலிலும் அலைந்து சேர்த்ததை, ஐந்து மணித்தியாலத்தில், பெற்ற தாய் பல்துலக்கியால் அழித்துவிட்டேன். மோட்டார் சைக்கிள் பாதியைக் கொண்டுபோனது, மிச்சத்தை நான் கழுவி ஊற்றினேன்.

ஞானசேகரம் வேலையால் வந்தபோது நாங்கள் இருவரும் தரையில்தான் இருந்தோம். நான் சொன்னேன். 'அப்பவே சொன்னனான்' என்று அவர் சொல்லவில்லை. அந்த ஒரு காரியத்துக்காக அவருக்கு நான் சாகும்வரை கடமைப்பட்டிருக்கிறேன். ஒரு கல்லை எடுத்து, உடைந்த பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கட்டடத்தில் உடைகிற படிக்கற்களை எல்லாம் ஒட்டித் திருத்துவது அவர்தான்.

"உடைஞ்ச இடத்தில உடைஞ்ச துண்டு பொருந்தும்தானே" என்றார். "கொண்டுபோய் வச்சுப் பாப்பம்."

அதை நான் இத்தாலியனில் சொன்னபோது அமாந்தின் எழுந்து நின்றுவிட்டாள். குறிப்புப் புத்தகத்தில் இடங்கள் எல்லாம் துல்லியமாக இருந்தன. கல் தன் இடத்தில் பொருந்தினால் அம்புக்குறியைத் திரும்பப் போடலாம். பேராசிரியரிடம் தொலைபேசியில் கேட்டாள். இருபது கல்லாவது வேண்டும், அதற்குக் குறைந்தால் எந்தப் பக்கம் தள்ளியது என்று அடித்துச் சொல்ல முடியாது என்றாராம். மாத முடிவுக்குள் மூன்று ஞாயிற்றுக்கிழமை இருந்தது.

கற்களை ஒவ்வொன்றாகத் துவாயில் சுற்றி, பழைய பாண்டாக் காரில் ஏற்றினோம். பகேரியா, தெர்மினி என்ற ஊர்களெல்லாம் தாண்டி, கொல்லெசானோவில் மேலே ஏறினால் வளைவுக்கு மேல் வளைவு. உச்சியில் மரக்காடு இலை பழுத்து மஞ்சளாக இருந்தது. அதற்கு மேலே வெள்ளைப் பாறை. கீழே பள்ளத்தாக்கு, தூரத்தில் கடல். இப்படி ஒரு இடத்தை எனக்குக் காட்டாமல் போனானே என்று அவன்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. மூன்று தரம் கூப்பிட்டான் என்பது அதற்குப் பிறகுதான் நினைவு வந்தது.

அமாந்தின் ஒரு பாறையைக் காட்டினாள். அதில் சின்னச் சின்ன வட்டங்கள் நெருக்கமாக இருந்தன. கடற்பஞ்சுகளாம். இருபது கோடி வருடத்துக்கு முன் கடலுக்கடியில் உயிரோடு இருந்தவையாம். "இவற்றைத் தூக்கிக்கொண்டுதான் நிலம் எழும்பியது" என்றாள். நான் வேறு நேரமாக இருந்தால் வாயைப் பிளந்திருப்பேன். அன்று எனக்கு, இருபது கோடி வருடம் ஒரு பஞ்சுக்கு, இருபத்தைந்து வருடம் என் பிள்ளைக்கு என்ற கணக்குத்தான் மனதில் ஓடியது.

முதல் இடத்தில் ஏழெட்டுக் கல்லை மாறி மாறி வைத்துப் பார்த்தோம். ஒன்றும் பொருந்தவில்லை. கண்ணால் பார்த்துப் பொருத்துவது சரிவராது என்று எனக்குப் பட்டது. கையுறையைக் கழற்றிவிட்டுப் பாறையின் கீறலைத் தடவினேன். ஒரு பக்கமாகத் தடவினால் வழுக்கிக்கொண்டு போகிறது. எதிர்ப்பக்கமாகத் தடவினால் நகம் தடக்குகிறது. பிறகு கற்களை ஒவ்வொன்றாகத் தடவினேன். அதே தடிப்பில், அதே நெருக்கத்தில் கீறல் உள்ள கல் ஒன்று இருந்தது. அதை எடுத்து, பாறை உடைபட்ட காயத்தில் வைத்துத் திருப்பினேன். 'டிக்' என்று உட்கார்ந்தது. விளிம்பு எங்கே என்று தெரியவில்லை.

"எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?" என்று அமாந்தின் கேட்டாள்.

"இருபத்தாறு வருடம் மாபிள் துடைத்த கை" என்றேன். அவள் வடக்குநோக்கியை வைத்துப் பார்த்து, மார்க்கரால் அம்புக்குறியும் இலக்கமும் போட்டாள். கல்லை எடுத்துத் துவாயில் சுற்றினாள்.

முதல் ஞாயிறு ஆறு. இரண்டாம் ஞாயிறு எட்டு. என் முழங்கால் இரண்டும் வீங்கிவிட்டன, ஞானசேகரம் எண்ணெய் பூசிவிட்டார். மூன்றாம் ஞாயிறு பின்னேரம் மூன்று மணிக்குப் பத்தொன்பது ஆகிவிட்டது. மிச்சம் நாலில் இரண்டின் இடங்கள் செங்குத்துப் பாறையில் இருந்தன, எங்களால் ஏற முடியாது. மூன்றாவது இடத்தைச் சரிந்த கற்கள் மூடியிருந்தன. மிஞ்சியது பதினொன்றாம் இலக்கம் மட்டும். அது தெருவுக்குப் பக்கத்தில் இருந்தபடியால் அமாந்தின் கடைசிக்கு வைத்திருந்தாள்.

போகிற வழியில் அவள் குறிப்புப் புத்தகத்தைத் திறந்து வாசித்துவிட்டு மூடிக்கொண்டாள்.

"என்ன எழுதியிருக்கிறான்?"

"அளவுகள்தான்."

"எனக்கு இத்தாலியன் வாசிக்கத் தெரியும், தா" என்று பறித்தேன். பதினொன்று என்று போட்டு, பாகைகள், கோணங்கள், ஏதேதோ. அவற்றுக்குக் கீழே பென்சிலால் ஒரு வரி. *அம்மாவுக்குக் காட்ட நல்ல இடம். நடை குறைவு.*

நான் தெருவோரத்திலேயே உட்கார்ந்து அழுதேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளும் அழுதாள். அவளுக்கும் அழ உரிமை உண்டு என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவனை நீ விரும்பினாயா என்று கேட்க வாய் உன்னியது, கேட்கவில்லை. கேட்டு இனி யாருக்கு என்ன? தலையைப் பிடித்து என் தோளில் சாய்த்துக்கொண்டேன்.

உண்மையிலேயே நடை குறைவுதான், பத்து நிமிடம். ஒரு ஆள் உயரச் சுவர்போல நின்ற பாறை, முழுக்கக் கீறல். நெஞ்சளவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு காயம். மிச்சமிருந்த நாலில் சரியானதை என் விரல் உடனே எடுத்துவிட்டது. வைத்தேன். உட்கார்ந்தது. நான் இரண்டு கையாலும் அமத்திப் பிடித்துக்கொண்டேன்.

அமாந்தின் அம்புக்குறி போட்டாள். பதினொன்று என்று எழுதினாள். "இப்போது எடுக்கலாம், சிஞ்ஞோரா."

"கொஞ்சம் பொறு."

கல்லும் மலையும் ஒன்றாக இருந்தன. எங்கே உடைந்தது என்று சத்தியமாகத் தெரியவில்லை. இதைப் பெயர்த்தபோது அவன் இதே இடத்தில்தான் நின்றிருப்பான், இதே உயரத்தில் கை வைத்திருப்பான். நாளைக்கு இதை வாளால் அறுப்பார்கள். கடதாசிபோலத் தகடு தகடாக அறுத்துக் கண்ணாடியில் ஒட்டுவார்கள். அதற்குப் பிறகு இது எந்தக் காயத்திலும் பொருந்தாது.

அமாந்தின் மார்க்கரை மூடிப் பைக்குள் வைத்தாள். வெயில் பாறையிலிருந்து இறங்கத் தொடங்கியது. ஞானசேகரம் வந்து என் முதுகில் கை வைத்தார்.

"ஈஸ்வரி, எடும். பிள்ளையின்ர பட்டம்."

"இருக்கட்டுமன் இது. பொருந்தி இருக்குதெல்லே."

"ஓம், பொருந்தித்தான் இருக்கு." அவர் கல்லின் விளிம்பை விரலால் தடவினார். "எண்டாலும் இதில்லாட்டி இருபது வராது. எடும்."

கொஞ்சமாவது மல்லுக்கட்டும் என்று நினைத்துக் காலை ஊன்றி, பல்லைக் கடித்து, இரண்டு கையாலும் பலமாக இழுத்தேன். ஒன்றும் இல்லை. ஒரு விரலுக்கே வந்திருக்கும். இருபது கோடி வருடம் மலையோடு இருந்த கல் ஒரு சத்தமும் இல்லாமல் என் கையோடு வந்துவிட்டது. அமாந்தினிடம் அதைக் கொடுத்துவிட்டு, இவ்வளவு லேசாக வந்துவிட்டதே என்றுதான், அந்த வெறும் காயத்தில் நெற்றியை வைத்து அழுதேன்.